ஈரத்தோல் சத்தத்தில் அமெரிக்கக் கரண்ட்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் பல வருடம் உட்கார்ந்திருந்த செம்பூர் கம்பெனி நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அங்கிள், எஸ்தர் ஆன்ட்டியோட 'ஈரத்தோல்' இருக்குல்ல, அதுக்கு மெஷின் ரெட் காட்டுது. அமெரிக்காவுல ரெக்கார்ட் பண்ணதாம். மீட்டிங்ல வச்சா தூக்கிருவாங்க. என்ன பண்ணட்டும், க்யா கரூன்?"

மெஷின் என்று அவள் சொல்வது, என் வேலையைச் செய்வதற்காகக் கம்பெனி வாங்கியிருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை.

"மெஷின் பொய் சொல்லலம்மா. ஆனா நம்பாத."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அங்கிள்."

இரண்டும் சரிதான். ஏன் என்று போனில் முழுதாகச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நிவேதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவள் அம்மா படித்துச் சொல்லட்டும்.

வேலை இதுதான். டிரம் மெஷின் என்பது கட்டம் கட்டமாகப் பட்டன் வைத்த ஒரு பெட்டி. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு அடிச் சத்தம். பட்டனைத் தட்டினால் அந்த அடி விழும். பாட்டு செய்கிறவர்கள் அதில் தாளம் கட்டுவார்கள். பளபளப்பான சத்தங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு அழுக்கான சத்தம் வேண்டும்: தேய்ந்தது, கரகரத்தது, எங்கோ சுவருக்கு அப்பால் கேட்பது. எங்கள் கம்பெனி அப்படிப்பட்ட சத்தங்களைச் செய்கிறவர்களிடமிருந்து வாங்கி வெளிநாட்டுக்கு விற்றது. ஒருவர் எவர்சில்வர் தூக்குச்சட்டியைத் தட்டி, அதைப் பழைய டெலிபோன் ரிசீவர் வழியாகப் பதிந்து கொண்டுவருவார். உல்லாஸ்நகர்க்காரர் ஒருவர் தண்ணீர் டிரம்முக்குள் ஸ்பீக்கரை இறக்கி, வெளியே மைக் வைத்துப் பிடிப்பார். கேசட்டிலிருந்து கேசட்டுக்குத் திரும்பத் திரும்ப மாற்றி, அடி கரைந்து புகை மாதிரி ஆகும்வரை விடாதவர்களும் உண்டு.

இதில் திருடுவது சுலபம். வெளிநாட்டுப் பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து ஓர் அடியை வெட்டி எடுத்து, அழுக்காக்கி, "நான் செய்தது" என்று நீட்டலாம். அழுக்கு நல்ல முகமூடி. அப்படி ஒன்று எங்கள் கையால் விலைபோய், அசல் உரிமையாளரின் வக்கீல் கண்டுபிடித்தால் கம்பெனி மிஞ்சாது. அதனால் வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

சந்தேகம் எனக்குப் புதிதல்ல. அதற்கு முன் ஒரு தமிழ் நாளிதழின் பம்பாய்ப் பதிப்பில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். பதிப்பு மூடியது. "தப்பு கண்டுபிடிக்கிற ஆள் வேணுமாம்" என்று தாதரில் ஒரு நண்பர் சொல்லி, செம்பூருக்கு வந்தேன். பிழை திருத்துகிறவன் செய்தியை மேலிருந்து படித்தால் அர்த்தம் அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். கீழ்வரியிலிருந்து மேலே படித்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். இங்கும் அதையே செய்தேன். சத்தத்தைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டேன். மற்றதெல்லாம் கோமதி மேடத்திடம் கற்றது.

கோமதி மேடம் மாட்டுங்காக்காரர். முறையாகச் சங்கீதம் கற்றவர். கேட்பதற்கு முன் ஃபேனையும் ஏசியையும் நிறுத்தச் சொல்வார். வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து, நாலாக மடித்து மூடுவார்; முடிவு சொன்ன பிறகே பிரிப்பார். என் கைக்கடிகாரமும் இழுப்பறைக்குள் போகும். முதலில் ஸ்பீக்கரில், பிறகு ஹெட்போனில், பிறகு பின்னோக்கி. கடைசியில் வால்.

வால் என்று நாங்கள் சொன்னது, அடி விழுந்து அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் துணுக்கை. திருடன் தலையைத்தான் மாற்றுவான். வாலை மறந்துவிடுவான். அந்தத் துணுக்கை மட்டும் பல மடங்கு பெரிதாக்கினால், அடி விழுந்த அறை கேட்கும். தையல் மெஷின், மிக்ஸி, பக்கத்து வீட்டு சீரியல், ரயில். எதுவுமே இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும்.

கரண்ட்டுக்குச் சுருதி உண்டு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கும். அமெரிக்காவில் அறுபது. எந்தக் கருவியில் பதிந்தாலும் அந்த உறுமல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கோமதி மேடத்தின் கணக்கு எளிமையானது: "ஸ நம்மாத்து கரண்ட். சாதாரண காந்தாரம் வந்தா அமெரிக்கா." ஐம்பதை ஸ என்று வைத்தால், அறுபது அதற்கு மேலே காந்தாரம் என்ற சுரத்தில் விழும். அதைத் தொண்டைக்குள் முனகியே காட்டுவார். வாலில் காந்தாரம் கேட்டுத் திருப்பி அனுப்பிய சரக்கு நிறைய.

எதுவும் கேட்காதபோது, கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஒரே கேள்விதான். "இது எங்கேந்து வந்துது?" பதிலைக் கேட்டுக்கொள்வார். காபி வரும். வேறு ஏதாவது பேசுவார். மறுபடி, அதே குரலில், முதல்முறை கேட்பது போல: "இது எங்கேந்து வந்துது?" மூன்றாவது தடவையும் கேட்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாபக மறதிக்காரர் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவரே சொன்னார். "மைதீன், பொய் சொல்றவனுக்கு ஒவ்வொரு தடவையும் கதை நன்னாயிண்டே வரும். நிஜம் சொல்றவனுக்குத் தேஞ்சுண்டே போகும். மூணாவது தடவை அவனுக்கு அலுத்துடும்." இந்த முறையை நாங்கள் வெளியே சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். இந்தத் தொழிலில் தமிழ் வாசிக்கும் திருடர்கள் குறைவு.

ஜெபராஜ் 'ஈரத்தோல்' தொகுப்பைக் கொண்டுவந்தது அப்படிப்பட்ட ஒரு காலத்தில். தாராவிக்காரன், பூர்வீகம் நாசரேத் பக்கம். கல்யாண வீடுகளிலும் சர்ச் விழாக்களிலும் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவது அவன் தொழில். அவன் தந்த அடிகளைக் கேட்டதும் நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோல் மாதிரியும் இருந்தது, தகரம் மாதிரியும் இருந்தது. அடி விழுந்ததும் ஓரத்தில் லேசாகச் சுருங்கியது. அப்படி ஒன்றை நாங்கள் கேட்டதில்லை.

வாலைப் பெரிதாக்கினேன். காந்தாரம் பலமாக இருந்தது. அதற்கு அடியில் மெல்லியதாக ஸ. இது தனி உறுமலைவிட மோசம். அமெரிக்கத் தட்டு ஒன்றை மும்பையில் ஓட்டிப் பிரதி எடுத்தால் இரண்டு கரண்ட்டும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று படியும். சில அடிகளின் முடிவில், பறவை மாதிரி ஒரு சின்னக் கீச்சும் இருந்தது. மற்றபடி அறை சுத்தமாக அமைதியாக இருந்தது. நான் தாராவியில்தான் குடியிருக்கிறேன். அப்படி ஓர் அமைதி அங்கே எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெபராஜை வரச் சொன்னோம்.

"இது எங்கேந்து வந்துது?"

"மேடம், கீழ பேக் தைக்கிற ஒர்க்ஷாப் இருக்கு. தோல் வெட்டுன மிச்சத்தத் தண்ணியில ஊறவச்சு, கட்டச் சுத்தியலால அடிச்சேன். தனியா ரூம்ல உக்காந்து பதிஞ்சேன்."

இரண்டாவது தடவை மழை வந்தது. கூரையில் மழை விழுந்த தாளத்தைக் கேட்டுத்தான் அவனுக்கு யோசனை பிறந்ததாம். மூன்றாவது தடவை தோல் தொழிலாளியான அப்பா வந்தார். அவர் கைத்தழும்பு வந்தது. ஜெபராஜின் குரல் சரியான இடத்தில் உடைந்தது.

அவன் போன பிறகு மேடம் கைக்குட்டையை அவிழ்க்கவில்லை. "ரொம்ப அழகாச் சொல்றான், மைதீன். பயமா இருக்கு."

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. "செய்தது நான்தான்" என்று கையெழுத்திட வேண்டும். அது பொய் என்று தெரிந்தால் சத்தமும் போகும், ஆளும் போவான். வாழ்நாளுக்கும் அந்தப் பேரில் எதையும் வாங்க மாட்டோம். மறுமுறை கிடையாது. மற்ற கம்பெனிகளும் எங்களிடம் கேட்டுத்தான் வாங்கின. ஆகவே ஜெபராஜைத் திருடன் என்று சொல்வதானால், சந்தேகம் என்ற அளவில் சொல்ல முடியாது. நான் அவன் வீட்டுக்குப் போனேன்.

கீழே ஓர் அறை, ஏணி வைத்து மேலே ஓர் அறை. கீழறையில் அவன் மனைவி எஸ்தர் பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க பாய்" என்றதோடு சரி, தலை நிமிரவில்லை. மேலறைக்குள் ஏறியதும் காது அடைத்தது. பைக்குள் வைக்கும் நுரை ஷீட்டின் வெட்டுத் துண்டுகளைச் சுவர் முழுக்க, கூரை முழுக்க ஒட்டியிருந்தார்கள். அமைதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கேயே தீர்ந்தது. என் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

இரண்டு ஸ்பூல் டேப் மெஷின்கள் இருந்தன. ஒன்று சர்ச்சில் பிரசங்கம் பதிய வைத்திருந்தது, அவர்கள் கழித்துப்போட்டபோது வாங்கியது. இன்னொன்று உல்லாஸ்நகர்ப் பழைய சாமான் கடையில் எடுத்தது. அதன் கீழே கனமான ஓர் இரும்பு டப்பா.

"இது என்ன?"

"ஸ்டெபிலைசர், பாய்."

டப்பாவின் பக்கவாட்டில் நூற்றுப்பத்து வோல்ட் என்று அச்சாகியிருந்தது. நம் வீட்டு ஸ்டெபிலைசரில் அப்படி இருக்காது, அது அமெரிக்க அளவு.

"ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க, ஜெபராஜ்."

தோலை எடுத்தான். மைக்கை வைத்தான். மேடையில் நிற்பவனின் கைவீச்சு அவனுக்கு இருந்தது. உல்லாஸ்நகர் மெஷினின் சுவிட்சைத் தட்டினான். ஸ்பூல் சுற்றவில்லை. மறுபடி தட்டினான். கீழே தையல் மெஷின் நின்றது. ஏணி வழியாகக் குரல் மட்டும் ஏறி வந்தது.

"டப்பாவ மொதல்ல போடுங்க! எத்தன மட்டம் சொல்லுதது?"

ஜெபராஜ் சிரித்தான். "அவ சும்மா சொல்லுவா பாய்."

டப்பாவைப் போட்டான். மெஷின் ஓடியது. அவன் அடித்துப் பதிந்து, அதே மெஷினில் ஓட்டிக் காட்டினான். ஈரத்தோலில் அடித்த மாதிரி இருந்தது. ஈரத்தோல் மாதிரி இல்லை. "இன்னைக்குத் தோலு சரியில்ல" என்றான்.

நான் கவனித்தது ஒன்றைத்தான். இரண்டு சுவிட்சில் ஒன்றுதான் விழுந்தது என்பது, தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்குக் கீழேயிருந்தே கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்கவில்லை.

ஆபீஸுக்குத் திரும்புவதற்காகச் சயான் ஸ்டேஷன் வரை நடந்து வரும்போது, பழைய பத்திரிகை ஆபீஸின் சுவர்க் கடிகாரம் ஞாபகம் வந்தது. யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து அன்பளித்த மின்சாரக் கடிகாரம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் மாட்டினோம். ஆனாலும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் பின்தங்கும். ரிப்பேர் பார்த்த எலக்ட்ரீஷியன் சொன்னார்: டிரான்ஸ்ஃபார்மர் டப்பா கரண்ட்டின் அழுத்தத்தைத்தான் குறைக்கும், துடிப்பை மாற்றாது. அறுபது துடிப்புக்குச் செய்த மோட்டார் ஐம்பதில் மெதுவாகத்தான் ஓடும்.

டேப் மெஷினுக்கும் அதே கதிதான். உல்லாஸ்நகரில் எடுத்தது அமெரிக்க மெஷின்; தாராவியில் மெதுவாக ஓடும். அதில் பதிந்த டேப்பைக் கழற்றி, நம் ஊருக்காகச் செய்த சர்ச் மெஷினில் மாட்டினால் எல்லாம் வேகமாகிவிடும். ஐம்பது துடிப்பு அறுபதாகிவிடும். ஸ, காந்தாரமாகிவிடும். அது ஓடும்போது சர்ச் மெஷினின் சொந்த ஸ-வும் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் மேடம் வந்ததும் ஃபேனை நிறுத்தினேன். வாலின் வேகத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்தேன். காந்தாரம் இறங்கி ஸ-வில் வந்து உட்கார்ந்தது. அதோடு, பறவை என்று நாங்கள் நினைத்த கீச்சும் இறங்கி, இன்னும் பெரிதாக்கியதும் மனிதக் குரலானது. ஒரு பெண். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள்.

"ம்... வந்துட்டு."

அடுத்த அடியின் முடிவில்: "சீ, இது செத்துப்போச்சு."

முந்தின நாள் ஏணி வழியாக ஏறி வந்த அதே குரல்.

மேடம் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "அப்போ அமெரிக்கா இல்லை."

"இல்லை மேடம்."

"ஆனா தனியா உக்காந்து பதிஞ்சேன்னானே."

அதுதான். திருட்டு இல்லை என்றாகிவிட்டது. பொய் மட்டும் அப்படியே இருந்தது. ஒப்பந்தப்படி அந்தப் பொய் ஒன்றே போதும். ஜெபராஜ் கையெழுத்திட்டிருந்தால் இருவரும் அன்றோடு தீர்ந்திருப்பார்கள். காகிதம் தயாராகி, கையெழுத்துக்காக மேடத்தின் மேஜையில்தான் இருந்தது.

ஜெபராஜுக்குப் போன் செய்து, "எஸ்தரக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

எஸ்தர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மேடம் வளையல்களைக் கழற்றினார்.

"இது எங்கேந்து வந்துது?"

எஸ்தர் நிறையப் பேசினாள். எங்கெங்கோ போனாள். தையல் மெஷினின் மிதி சத்தம் நுரை ஷீட் வழியாக மேலே கேட்கும்போது வேறு மாதிரி இருக்குமாம், அதில் தொடங்கியதாம். காய்ந்த தோல் வாய் திறக்காதாம். வாளியில் முந்தின நாளே போடணுமாம், நீல வாளி, இல்லை, பச்சை வாளி, நீல வாளி அப்போது ஓட்டை. டேப்பை மாற்றி மாட்டியது முதலில் தெரியாமல் செய்தது. "மாத்தி மாட்டிட்டனேன்னு பாத்தா, அது இளச்சு நிமிந்து நிக்கி. அப்புறம் அப்படியே விட்டுட்டேன்."

"நீல வாளிதான் எஸ்தர்" என்று ஜெபராஜ் ஆரம்பித்தான். மேடம் அவனைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினார்.

காபி வந்தது. மாட்டுங்காவில் பூ விலை பற்றி மேடம் ஏதோ பேசினார். பிறகு:

"இது எங்கேந்து வந்துது?"

"தோலு மேடம். ஊறப்போட்டு அடிக்கது. இப்பத்தான சொன்னேன்." வாளி இந்தத் தடவை வரவில்லை.

நான் ஜெபராஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவளுக்காக அவன் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தான்.

"ஏம்மா, செஞ்சது நீ. அவன் பேர் எதுக்கு?" என்றார் மேடம். இது அவர் வழக்கத்தில் இல்லாத கேள்வி.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு வீடியோவுல பேசணும்னு உங்க ஆபீஸ்லதான சொன்னாங்க. இங்கிலீஷ்ல. அவருக்கு வாய் உண்டு, எனக்குக் காது உண்டு. ரெண்டும் ஒரே ஆளுட்ட இருக்கணும்னு நீங்க கேட்டா நாங்க எங்க போவோம்?"

மேடம் தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, முதல்முறை போலவே:

"இது எங்கேந்து வந்துது?"

எஸ்தர் எழுந்தேவிட்டாள். "எங்கிருந்து வந்தா என்ன மேடம்? வேணும்னா எடுங்க, வேண்டாம்னா விடுங்க. எனக்குத் தண்ணி வர்ற நேரம். இந்நேரம் போய் லைன்ல நிக்கலன்னா ஒரு குடம் கெடைக்காது."

"ஏட்டி, உக்காரு!" என்றான் ஜெபராஜ் மெதுவாக.

மேடம் கைக்குட்டையை அவிழ்த்தார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றினார். மேஜையில் இருந்த காகிதத்தில் ஜெபராஜ் பேரை அடித்து, "உன் முழுப் பேர் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். பிறகு கேட்டாள்: "வீடியோவுல அவரே பேசலாமா?"

"பேசட்டும். 'என் மனைவி செஞ்சது'ன்னு ஆரம்பிக்கணும்."

வாசல் வரை போன ஜெபராஜ் திரும்பி வந்தான். தொழில்காரனுக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், நான் சொன்னது நல்லா இல்லியா?"

"நன்னா இருந்ததே. அதான் தப்பு."

அன்று மாலை நான் மேடத்திடம் கேட்டேன். மூன்றாவது தடவை கோபப்பட்டால் போதும் என்று தெரிந்த திருடன் ஒருவன் வந்தால்? அவர் ஃபேனைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன்."

அதை நான் மறக்கவில்லை. ஈரத்தோல் தொகுப்பில் ஓர் அடிக்கு வாலே இல்லை. வெட்டி எடுத்த தடயமும் இல்லை, உறுமலும் இல்லை. எப்படி என்று எஸ்தரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "அது மட்டும் சொல்ல மாட்டேன் பாய்" என்பாள். மேடம் அதைப் பாஸ் செய்தார். நான் இன்றுவரை செய்யவில்லை.

இதையெல்லாம் நிவேதாவிடம் அன்று போனில் சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் மெஷின் காந்தாரத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அது எந்த ஊரில் காந்தாரமானது என்று அதற்குத் தெரியாது. "நான் சொல்றதையும் அப்படியே நம்பாத" என்றேன். "எஸ்தர்ட்டயே கேளு. ஒரே கேள்வி. மூணு நாள், மூணு தடவ."

"மெஷின்கிட்டயும் மூணு தடவ கேட்டேன் அங்கிள். ஒரு வார்த்தைகூட மாறல. சேம் டு சேம்."

கதை நன்றாகவும் ஆகவில்லை, தேயவும் இல்லை. அந்த வகையை நாங்கள் பார்த்ததில்லை.

அந்த வாரமே அவள் மறுபடி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"ஃபர்ஸ்ட் நாள் அரை மணி நேரம் பேசினாங்க அங்கிள். ஏதோ வாளி, கலர், ஒண்ணுமே புரியல. செகண்ட் நாள், 'நேத்துதான சொன்னேன்'னாங்க. இன்னைக்குக் கேட்டா, 'ஒனக்கு வேற சோலி இல்லியா?'ன்னு கேட்டு ஃபோன வச்சுட்டாங்க. சாரி அங்கிள், க்ளியர் பண்ண முடியல."

"பண்ணியாச்சும்மா" என்றேன்.